கார் லைசென்ஸ் பழசு, பைக் லைசென்ஸ் புதுசு: ஊதச் சொன்னால் எந்தக் கணக்கு?

சைடுஸ்டாண்ட்:
ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கிறேன். கார் லைசென்ஸ் முழு லைசென்ஸ், எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. பைக்குக்கு இப்போதுதான் எல் போர்டு வந்திருக்கிறது. லைசென்ஸ் எண் இரண்டுக்கும் ஒன்றேதான்.

முழு லைசென்ஸில் கார் ஓட்டுபவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05க்கு (100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 0.05 கிராம்) கீழே இருந்தால் போதும். எல் போர்டு ரைடருக்குப் பூஜ்யம். இரண்டு ஆளும் நானே என்றால் எனக்கு எது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பீர் குடித்துவிட்டுக் காரில் வருகிறேன், வழியில் நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக் பயிற்சியில் கூட இருந்த ஒருவர், எல் வாங்கின நாளிலிருந்து எதை ஓட்டினாலும் பூஜ்யம்தான் என்று அடித்துச் சொன்னார். ஆபீஸில் ஒருவர் நேர்மாறாக, முழு லைசென்ஸ் ஒன்று இருந்தால் அதுதான் பெரியது, பைக்கிலும் 0.05தான் என்கிறார். யாரை நம்புவது?

வழக்குக்கட்டு:
ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம்.

உங்கள் மாநிலத்தில் வரம்பு ஆளோடு ஒட்டியதல்ல, அந்த நேரத்தில் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியோடு ஒட்டியது. 2013ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் புது ஓட்டுநர் யார் என்று சொல்லும்போது, 'அந்த வண்டியைப் பொறுத்தவரை' என்று சேர்த்தே சொல்கிறது. எந்த வண்டியில் இருக்கிறீர்களோ, அதை ஓட்ட உங்களிடம் இருக்கும் லைசென்ஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. காரில் இருந்தால் முழு லைசென்ஸ்காரர், 0.05. பைக்கில் ஏறினால் எல் போர்டுக்காரர், பூஜ்யம். எல் முடிந்து முழு லைசென்ஸ் வரும்வரை இருக்கும் பி1, பி2 என்ற தற்காலிக லைசென்ஸ் கட்டங்களுக்கும் இதே பூஜ்யம்தான்.

ஆக, ஒரே ஆள், ஒரே ராத்திரி, ஒரே அளவு. காரில் இருந்தால் 'போய் வாங்க', பைக்கில் இருந்தால் வழக்கு.

சைடுஸ்டாண்ட்:
நன்றி. அப்படியானால் அந்த பீர் விஷயத்தில் காரில் போனால் எனக்குக் கவலையில்லை, சரியா?

வழக்குக்கட்டு:
0.05க்குக் கீழே இருக்கிற வரை. ஆனால் இதோடு மூடிவிட வேண்டாம், அடுத்த பாதியும் இருக்கிறது. வரம்பு வண்டிக்கு வண்டி மாறுகிறதே, தண்டனையும் அப்படி மாறும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மாறாது. பைக்கில் மாட்டினால் பைக் ஓட்டும் உரிமை மட்டும் போகும், கார் தப்பிக்கும் என்பது கனவு. 2019 மே 20 முதல் இந்த மாநிலத்தில் குறைந்த அளவிலான குற்றங்களுக்குக்கூட, முதல் தடவையே, அபராதத்தோடு 3 மாதம் லைசென்ஸ் நிறுத்தம். நிறுத்தினால் கார், பைக் எல்லாமே நிற்கும். உங்கள் எண் ஒன்றுதானே.

மீறலுக்கு வரம்பு பார்க்கும்போது நீங்கள் ரெண்டு ஆள். தண்டனை கொடுக்கும்போது ஒரே ஆள். கார் ஓட்டித்தான் பிழைப்பு என்று இருக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு எடுத்த பைக்கில் 0.01 காட்டி, திங்கட்கிழமை வேலைக்குப் போக வழியில்லாமல் நிற்பது இப்படித்தான்.

கிளட்ச் கேபிள்:
0.01க்குமா? அது கருவியின் தவறாகக்கூட இருக்கலாமே.

வழக்குக்கட்டு:
அங்கே படிக்கட்டு இப்படி இருக்கிறது. பூஜ்யத்துக்கு மேல் 0.02க்குக் கீழே இருந்தால் அது புது ஓட்டுநர்களுக்கென்றே வைத்த வரிசை. 0.02 முதல் 0.05க்குக் கீழே வரை 'சிறப்பு' வரிசை. இதில் புது ஓட்டுநர்களோடு டாக்சி, பஸ், கனரக வாகனம் ஓட்டுபவர்களும் வருவார்கள். 0.05 முதல் 0.08க்குக் கீழே தாழ்ந்த வரிசை, 0.08 முதல் 0.15க்குக் கீழே நடு வரிசை, 0.15லிருந்து உயர்ந்த வரிசை. கடைசி மூன்றும் எல்லோருக்கும் பொது.

முதல் வரிசையில் மட்டும் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மது அருந்தியதால் வந்ததல்ல, மருந்தாலோ உணவாலோ வந்தது என்றோ, மத வழிபாட்டின் பகுதியாக அருந்தியது என்றோ நீங்கள் நிரூபித்தால் அது தற்காப்பாக ஏற்கப்படும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, போலீசுடையது அல்ல. 0.02ஐத் தொட்டுவிட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

மணியோசை:
மத வழிபாடு என்றதும் கேட்கிறேன். நற்கருணையில் ஒரு வாய் திராட்சை ரசம், வெளியே வந்ததும் பைக். எனக்கும் பி1தான். இது உண்மையிலேயே கருவியில் தெரியுமா?

இரவுப்பணி:
ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வாய் திராட்சை ரசம் ரத்தத்தில் ஏற்றும் அளவு மிகச் சொற்பம். உடனே ஊதினால் காட்டுவது ரத்தத்தில் இருப்பது அல்ல, வாய்க்குள் ஒட்டியிருப்பது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷுக்கும் சில இருமல் மருந்துகளுக்கும் இதே கதைதான். கால் மணி நேரத்தில் வாய்க்குள் இருப்பது போய்விடும். வாசலில் நாலு பேரிடம் பேசிவிட்டுப் புறப்படுங்கள், அது போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை: மறுநாள் காலை.

உடம்பு ஆல்கஹாலை எரிக்கும் வேகம் ஏறத்தாழ மணிக்கு 0.015. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் யார் நினைத்தாலும் அதை வேகப்படுத்த முடியாது. காபி, குளிர்ந்த நீரில் குளியல், ஓட்டம், எதுவும் உதவாது. தூக்கம்கூட நேரத்தைக் கடத்துமே தவிர வேகத்தைக் கூட்டாது. ஆஸ்திரேலியாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்றால் 10 கிராம் ஆல்கஹால். 75 கிலோ எடையுள்ள ஒரு ஆண் இரவில் 80 கிராம் குடிக்கிறார் என்று வையுங்கள். உச்சம் ஏறத்தாழ 0.15 என்று வரும். அது 0.05க்கு இறங்க ஆறு, ஏழு மணி நேரம். பூஜ்யத்துக்கு இறங்க அதற்கு மேலும் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

அந்த மூன்று மணி நேரம்தான் இந்த இழையின் விஷயம். காலை எட்டு மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, தலைவலிகூட இல்லாமல் நன்றாக இருக்கிறார். மேசையில் ரெண்டு சாவி. கார் சாவியை எடுத்தால் சட்டப்படி சரி. பைக் சாவியை எடுத்தால் குற்றம். உடம்பு எந்த வித்தியாசத்தையும் காட்டாது.

சைடுஸ்டாண்ட்:
இது நான் யோசிக்கவே இல்லாத பக்கம். ராத்திரி குடித்தது ராத்திரியோடு போச்சு என்றுதானே நினைப்போம்.

கிளட்ச் கேபிள்:
எனக்கு ஒரு நியாயம் புரியவில்லை. பதினைந்து வருடம் கார் ஓட்டியவனுக்குச் சாலை தெரியாதா? சிக்னல், கண்ணாடி பார்ப்பது, தூரம் கணிப்பது எல்லாம் அதே ரோடுதான். பைக்கில் ஏறின உடனே அவன் பச்சைக் குழந்தையா? நிதானமாக ஓட்டுகிற அனுபவஸ்தனுக்கு 0.02 என்ன செய்துவிடும்?

மஞ்சள்கோடு:
சாலை தெரியும், பைக் தெரியாது. பைக் ரெண்டு சக்கரத்தில் நிற்பதே ஓட்டுகிறவரின் சமநிலையால்தான். காரில் சிக்னலில் நின்றால் அது பாட்டுக்கு நிற்கும். பைக்கில் நிறுத்தும்போது ஒரு கால் இறங்க வேண்டும், சரியான நொடியில், சரியான பக்கம். முன் பிரேக் வலது கையில், பின் பிரேக் வலது காலில், கிளட்ச் இடது கையில், கியர் இடது காலில். நாலு உறுப்பும் தனித்தனி வேலை. புதிதாக ஓட்டுகிறவர் இதையெல்லாம் இன்னும் யோசித்துத்தான் செய்கிறார், கை தானாகப் போகும் நிலை வரவில்லை. ஆல்கஹால் முதலில் கை வைப்பதே இந்த யோசித்துச் செய்கிற பகுதியில்தான். வளைவில் கண் போகும் பக்கம்தான் வண்டி போகும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்களே, கொஞ்சம் போதை இருந்தால் கண் முன் சக்கரத்துக்கு முன்னாலேயே குத்தி நிற்கும். நான் பயிற்சி கொடுக்கிறவன். தூக்கம் குறைவாக வந்த மாணவரிடம்கூட இதைப் பார்க்கிறேன்: எட்டுப் போடும்போது தலை திரும்பாது, வண்டி கூம்பை இடிக்கும்.

அதனால் அனுபவஸ்தர் என்ற வாதம் காரோடு முடிந்தது. அங்கேதான் அவருக்கு 0.05 கொடுத்திருக்கிறார்களே.

கிளட்ச் கேபிள்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் முழு பைக் லைசென்ஸ் வந்ததும் ஒரே நாளில் பூஜ்யத்திலிருந்து 0.05க்குத் தாவுவது என்ன நியாயம்?

மஞ்சள்கோடு:
அது நியாயமே இல்லை. என்னைக் கேட்டால் பைக்குக்கு எப்போதும் பூஜ்யம்தான் வைக்க வேண்டும். சட்டம் நம்மைக் கேட்டு எழுதவில்லை.

தெற்குக்காற்று:
விக்டோரியாவிலிருந்து. இங்கே பைக் லைசென்ஸ் எடுத்ததிலிருந்து முதல் 3 ஆண்டுக்கு, பைக்கில் பூஜ்யம். முழு கார் லைசென்ஸ் எத்தனை வருடமாக இருந்தாலும் பைக் கணக்கில் சலுகை இல்லை.

நியூ சவுத் வேல்ஸில் கொஞ்சம் தளர்வு. 25 வயது நிரம்பி, முழு கார் லைசென்ஸும் இருக்கிறவருக்கு பி2 கட்டமே கிடையாது. பி1 முடிந்தால் நேராக முழு லைசென்ஸ். அதனால் சைடுஸ்டாண்ட், உங்கள் வயதைப் பொறுத்து உங்கள் பூஜ்யக் காலம் எங்களுடையதைவிடச் சீக்கிரம் முடியும். மாநில எல்லையைத் தாண்டிப் பைக்கில் வரும் உத்தேசம் இருந்தால் முதலில் விதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரைன்கரை:
ஜெர்மனியில் இந்தக் கேள்விக்கே வேறு பதில். இங்கே பூஜ்யம் வண்டியோடு ஒட்டியதில்லை, ஆளோடு ஒட்டியது. 2007 ஆகஸ்ட் 1 முதல் இரண்டு கூட்டத்தாருக்கு முழுத் தடை: பரீட்சைக் காலத்தில் (புது லைசென்ஸுக்கு வைக்கும் சோதனைக் காலம்) இருப்பவர்கள், 21 வயது நிரம்பாதவர்கள். பரீட்சைக் காலம் 2 ஆண்டு. அது முதல் லைசென்ஸுக்கு மட்டும்தான் வரும். கார் லைசென்ஸில் அதை முடித்துவிட்டவர் பிறகு பைக் லைசென்ஸ் எடுத்தால் புதிதாகப் பரீட்சைக் காலம் தொடங்காது. ஆக, நேற்றுதான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட 40 வயது ஆளுக்கும் பைக்கில் 0.5 புரொமில்தான், அதாவது உங்கள் 0.05.

நேர்மாறான கூத்தும் உண்டு. 16 வயதில் சின்ன பைக்குக்கு ஏ1 எடுக்கிறான் ஒரு பையன். 18ல் பரீட்சைக் காலம் முடிகிறது. ஆனால் 21 ஆகும்வரை பூஜ்யம் அவனை விடாது. பைக்கில் நல்ல பழக்கம் வந்தவனுக்குப் பூஜ்யம், நேற்று வந்த பெரியவருக்கு 0.5. மஞ்சள்கோடு சொன்ன காரணத்தை வைத்துப் பார்த்தால் இது தலைகீழ்.

இன்னொன்று, புதியவர்கள் மறந்துவிடுவது: மின் ஸ்கூட்டர், அந்த நின்றுகொண்டு ஓட்டுகிற பலகை வண்டி, இங்கே மோட்டார் வாகனம்தான். பூஜ்யம் அதற்கும் பொருந்தும். பஸ்ஸை விட்டுவிட்டு வாடகை ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் போச்சு. புதியவர் மாட்டினால் 250 யூரோ, லைசென்ஸில் ஒரு அபராதப் புள்ளி, கட்டாய வகுப்பு, பரீட்சைக் காலம் 2 ஆண்டிலிருந்து 4 ஆண்டு.

சைடுஸ்டாண்ட்:
அடேயப்பா. அப்போ 'ஆளோடு ஒட்டியதா, வண்டியோடு ஒட்டியதா' என்று ஊருக்கு ஊர் கேட்க வேண்டும் போல.

நீளவெண்முகில்:
நியூசிலாந்தில் ரெண்டும் இல்லை, வயது மட்டும். 20 வயதுக்குக் கீழே பூஜ்யம். அதற்கு மேல் யாராக இருந்தாலும் ஒரு லிட்டர் மூச்சுக்கு 250 மைக்ரோகிராம், ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம். 2014 டிசம்பர் 1 முதல் இந்த அளவு. கற்றுக்கொள்பவரா, முழு லைசென்ஸா, காரா, பைக்கா என்ற கேள்வியே வராது. எளிமையாகத்தான் இருக்கிறது.

பனிச்சறுக்கு:
கனடாவில், ஒன்ராறியோவில் ரெண்டையும் கலந்து வைத்திருக்கினம். மோட்டார் சைக்கிளுக்கு எம்1, எம்2 என்று ரெண்டு படி; ரெண்டிலும் ஓடும்போது பூஜ்யம். அதுக்கு மேலே, 21 வயதும் அதுக்குக் கீழேயும் உள்ள எல்லாருக்கும் எந்த லைசென்ஸ் வைத்திருந்தாலும் பூஜ்யம். எம்1 காரருக்கு இருட்டில் ஓடவும் அனுமதி இல்லை, பின்னுக்கு ஆளை ஏற்றவும் அனுமதி இல்லை. 90 நாளில் அந்த எம்1 காலாவதியாகிப் போகும், இழுத்தடிக்க ஏலாது.

ஹெட்லைட்:
இந்தியாவில் இந்த இழையே தேவைப்படாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 185ஆவது பிரிவு: 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். எல்எல்ஆர் வைத்திருப்பவர், இருபது வருட ஓட்டுநர், லாரி, மொபெட், எல்லோருக்கும் அதே 30தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அளவு ஆஸ்திரேலியக் கார்காரரைவிடக் கறார்தான், 0.03. புதியவருக்கென்று தனி ஏற்பாடுதான் இல்லை. நம் ஊரில் புதிதாக ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் பைக்கில்தான் தொடங்குகிறார்கள். அந்த நிலையில் கேட்டால், கற்றுக்கொள்பவருக்குப் பூஜ்யம் இங்கேதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

கிளட்ச் கேபிள்:
இங்கிலாந்து இன்னும் 0.08தானே?

வழக்குக்கட்டு:
இங்கிலாந்து, வேல்ஸில் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம், 100 மில்லி லிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். ஸ்காட்லாந்து 2014 டிசம்பர் 5 அன்று 50க்கும் 22க்கும் இறக்கிவிட்டது. கற்றுக்கொள்பவருக்கும் அதே அளவு. அங்கே புதியவரை இறுக்குவது வேறு வழியில்: முதல் லைசென்ஸ் எடுத்து 2 ஆண்டுக்குள் 6 அபராதப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, மறுபடி முதலிலிருந்து தேர்வு.

நெறியாளர்:
எடைக்கு எத்தனை கிளாஸ் வரை தாங்கும் என்று கணக்குக் கேட்ட ரெண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இரவுப்பணி கொடுத்த எண்கள் காலையில் காத்திருக்க வேண்டிய நேரத்தைப் புரிந்துகொள்ளத்தான். குடித்துவிட்டு ஓட்டக் கணக்குப் போட அல்ல. இழை திறந்தே இருக்கிறது.

மணியோசை:
நடைமுறையில் எப்படி நடக்கும் என்று சொல்லவா? போன மாதம் என்னை நிறுத்தினார்கள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கச் சொல்லி, கருவியை வாய்க்கு முன்னால் பிடித்து, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார். அந்தக் கருவி மூச்சில் ஆல்கஹால் வாடை இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்க்கும். இருந்தால்தான் குழாய் வைத்த கருவியில் ஊத வேண்டும். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பின்னால் போய் நம்பர் பிளேட் பக்கத்தில் இருக்கும் பி பலகையைப் பார்த்துவிட்டார். லைசென்ஸைக் கேட்பதற்கு முன்பே என் வரம்பு அவருக்குத் தெரியும்.

கிளட்ச் கேபிள்:
பலகையைக் கழற்றி வைத்துவிட்டால்?

வழக்குக்கட்டு:
பலகை இல்லாததுக்குத் தனிக் குற்றம், வரம்பு அப்படியே பூஜ்யம். லைசென்ஸ் எண்ணைத் தட்டினால் திரையில் எல்லாம் வந்துவிடும்.

இன்னொன்று, இன்சூரன்ஸ். சட்ட வரம்பை மீறி ஓட்டும்போது நடந்த விபத்துக்கு இழப்பீடு கிடையாது என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். காரில் 0.03 இருந்து மோதினால் அந்த வரி உங்களைத் தொடாது. அதே 0.03 பைக்கில் என்றால் நீங்கள் வரம்பை மீறியவர். இடித்தவர் எதிராளியாக இருந்தாலும் உங்கள் வண்டிச் செலவுக்கு உங்கள் கம்பெனி கையை விரிக்கலாம். எல் போர்டு வாங்கின வாரமே பாலிசியில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

சைடுஸ்டாண்ட்:
படித்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று. என் பைக்கை முழு பைக் லைசென்ஸ் உள்ள நண்பர் ஓட்டிக்கொண்டு வருகிறார், நான் பின் சீட்டில். நான் குடித்திருக்கிறேன், அவர் குடிக்கவில்லை. பைக்கில் என் எல் பலகை மாட்டியிருக்கிறது. இது பிரச்சினையா?

வழக்குக்கட்டு:
ஓட்டுபவர் அவர், அதனால் வரம்பும் அவருடையது. பின்னால் உட்கார்ந்திருப்பவரை யாரும் ஊதச் சொல்லப் போவதில்லை. பலகையை மட்டும் புறப்படும் முன் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் எல் போர்டுக்காரர் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று வழி நெடுக நிறுத்துவார்கள்.

மஞ்சள்கோடு:
குடித்தவரைப் பின்னால் வைத்து ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நண்பரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும், இவர் பயந்து மறுபக்கம் சாய்வார். அந்த ராத்திரிக்கு டாக்சி பிடித்துவிட்டு, பைக்கை மறுநாள் மத்தியானத்துக்கு மேல் போய் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் என்று சொன்னதற்குக் காரணம் மேலே இரவுப்பணி எழுதியதில் இருக்கிறது.

சைடுஸ்டாண்ட்:
நண்பரைக் கேட்டேன். டாக்சிதானாம்.